எச்.ஓ. மாதிரி ரயிலுக்குச் சரக்கு வேகனும் டெலிவரி வண்டியும் சேகரிக்கப் போகிறீர்களா? வாங்குமுன் படியுங்கள்

நியூ ஜெர்சி வீட்டின் நிலவறையில் நான்கடிக்கு எட்டடிப் பலகை போட்டு மாதிரி ரயில் தொடங்கிய முதல் ஆண்டில், சரக்கு வேகன்களும் லாரிகளுமாக 31 உருப்படிகள் வாங்கினேன். இன்று அவற்றில் 14 மட்டுமே பலகையில் நிற்கின்றன. மற்றவற்றில் சில அளவில் பொருந்தவில்லை, சில காலத்தில் பொருந்தவில்லை, சில தண்டவாளத்தில் பத்தடி ஓடுவதற்குள் கவிழ்ந்தன. விற்றபோது போட்ட பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. கடைக்காரர்களும் மாதிரி ரயில் சங்க உறுப்பினர்களும் கேட்டதற்கெல்லாம் நல்ல பதில் சொன்னார்கள். ஆனால் எதை முதலில் தீர்மானிக்க வேண்டும், எதைப் பிறகு பார்க்கலாம் என்ற வரிசை எனக்குத் தெரியவில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் வசித்துக்கொண்டு, அமெரிக்க ரயில்களை எச்.ஓ. அளவில் (உண்மையின் 87இல் ஒரு பங்கு) சேகரிக்க நினைப்பவர்களுக்கு இது உதவும்.

1. முதலில் ஒரு கதவைத் தேர்ந்தெடுங்கள்

எந்தக் கம்பெனி வேகன் நல்லது என்பதுதான் புதியவர்கள் கேட்கும் முதல் கேள்வி. அதைத் தள்ளிவையுங்கள். உங்கள் பலகையில் சரக்கு எந்தக் கதவில் இறங்கப் போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

நம் ஊர்கள் பலவற்றில் குட்ஷெட் தெரு என்று ஒன்று இருக்கும். அமெரிக்கச் சிற்றூர்களிலும் அதே கட்டடம் இருந்தது. ஒரு பக்கம் தண்டவாளம், மறு பக்கம் தெரு. தண்டவாளப் பக்கத்தில் பாக்ஸ்கார் எனப்படும் மூடிய வேகன் நிற்கும். ஒரு வேகன் நிறையாத சில்லறைச் சரக்கெல்லாம் அதில் வந்து இறங்கும். தெருப் பக்கத்தில் சிறு லாரிகள் பின்புறத்தைக் கதவோடு ஒட்டி நிறுத்திக்கொண்டு அதே சரக்கை ஏற்றிக் கடைகளுக்குக் கொண்டுபோகும். வேகனும் டெலிவரி வண்டியும் ஒரே கதவுக்கு இரு புறமும் வந்து நிற்பவை. தனித்தனியாக வாங்கினால் இரண்டும் வெறும் பொம்மைகளாக நிற்கும்; கதவைப் பார்த்து வாங்கினால் அந்த இடத்தில் ஓர் ஊர் தெரியும்.

ஒரு தாளில் மூன்று கதவுகளை எழுதிக்கொள்ளுங்கள். என் பலகையில் இருப்பவை இவை: குட்ஷெட், பழ மொத்த வியாபாரி, நிலக்கரிக் கடை. குட்ஷெட்டுக்கு பாக்ஸ்காரும் பெட்டி போன்ற உடல் கொண்ட லாரியும். பழக் கடைக்கு, பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின், பனிக்கட்டியால் குளிரூட்டும் ஆரஞ்சு நிற வேகனும், பக்கங்களில் மரச் சட்டம் அடித்த திறந்த லாரியும். நிலக்கரிக்கு, அடியில் திறந்து கொட்டும் ஹாப்பர் வேகனும், பின்புறம் தூக்கிக் கொட்டும் லாரியும். நான்கடிக்கு எட்டடிப் பலகைக்கு 12 வேகன், 8 வண்டி போதும். அதற்கு மேல் நிறுத்தினால் ஷண்டிங் செய்ய, அதாவது வேகன்களை இடம் மாற்றி நிறுத்த, இடமிருக்காது.

இந்த இடத்திலேயே ஒரு கண்ணி இருக்கிறது. ரயில்வே எக்ஸ்பிரஸ் ஏஜென்சி என்ற பார்சல் நிறுவனத்தின் பச்சை லாரி எல்லாக் கடைகளிலும் கிடைக்கும், பார்க்கவும் அழகு. நான் இரண்டு வாங்கிக் குட்ஷெட் வாசலில் நிறுத்தினேன். ஒரு சங்கத்து மூத்தவர் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: அந்த நிறுவனத்தின் பார்சல்கள் பெரும்பாலும் பயணிகள் ரயிலோடு இணைத்த பெட்டிகளில் வந்தவை, அந்த லாரி நிற்க வேண்டிய இடம் பயணிகள் நிலையம். இரண்டையும் அங்கே மாற்றி வைத்த பிறகுதான் நிலையத்துக்கே உயிர் வந்தது.

2. ஓர் ஆண்டைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்

"ஐம்பதுகள்" என்று எழுதினால் போதாது. ஒரே ஓர் ஆண்டாக இருக்கட்டும். என்னுடையது 1957. இனி நீங்கள் வாங்கும் எதுவும் அந்த ஆண்டில் இருந்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் சட்டம். இந்தப் படியில்தான் நான் அதிகப் பணம் இழந்தேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வேகனின் பக்கத்தில் பொடி எழுத்தில் "கட்டப்பட்டது" என்று பொருள்படும் BLT என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு அருகே மாதமும் ஆண்டும் இருக்கும். அது வேகன் கட்டப்பட்ட தேதி. புதியவர்கள் அதை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். அது போதாது. 1948இல் கட்டிய வேகனுக்கு 1962இல் புது வண்ணம் அடித்திருக்கலாம். மாதிரியில் இருப்பது அந்த 1962 வண்ணமாக இருக்கலாம். வெற்று எடையின் பக்கத்தில் மறு எடை போட்ட தேதி எழுதியிருந்தால் அதையும் படியுங்கள். இரண்டு தேதிகளில் பிந்தியதுதான் உங்களுக்குக் கணக்கு.

தேதி படிக்க முடியாவிட்டால் இந்த அடையாளங்கள் கைகொடுக்கும்:

கூரை மேல் நடைபலகை இல்லாத பாக்ஸ்கார் என்றால் அது 1966க்குப் பிந்திய தோற்றம். பக்கத்தில் பல வண்ணக் கோடுகள் கொண்ட சிறு தகடு இருந்தால் அறுபதுகளின் இறுதியிலிருந்து எழுபதுகள் வரையானது. அந்த அடையாள முறையை 1977இல் கைவிட்டார்கள். கறுப்புச் சதுரத்துக்குள் மஞ்சள் அல்லது வெள்ளைப் புள்ளி இருந்தால் 1978ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. பென் சென்ட்ரல் என்ற ரயில்வேயின் பெயர் 1968இல்தான் பிறந்தது, பர்லிங்டன் நார்தர்ன் 1970இல், கான்ரெயில் 1976இல். 1957ஐச் சுவரில் எழுதியிருந்த நான் கான்ரெயில் வேகன்கள் மூன்று வைத்திருந்தேன்.

வண்டிகளுக்கும் இப்படி அடையாளங்கள் உண்டு. முன்புறம் நான்கு விளக்கு கொண்ட வண்டிகள் 1958 மாடலிலிருந்து பரவலானவை. முன் சிக்னல் விளக்கு ஆரஞ்சு நிறமாக இருந்தால் 1963 மாடல் அல்லது அதன் பிறகு. பக்கவாட்டில் சிறு விளக்குகள் இருந்தால் 1968 மாடலிலிருந்து. கதவில் எழுதிய முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் அந்த வண்டி 1963 ஜூலைக்கு முன் ஓடியிருக்க முடியாது. அமெரிக்கத் தபால் சேவை என்ற பெயரே 1971இல் வந்தது. இன்று தெருவில் பார்க்கும் சதுர முகத் தபால் வண்டி, க்ரம்மன் எல்.எல்.வி., 1987 முதல் 1994 வரை கட்டப்பட்டது. அமெரிக்காவில் அடுத்த ஆண்டு மாடல் முந்தைய இலையுதிர் காலத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். என் பலகையில் மாதம் ஜூன். அதனால் 1958 மாடல் எதுவும் இல்லை.

எல்லா வண்டியும் அந்த ஆண்டுப் புதிய வண்டியாக இருப்பதும் தவறுதான். எந்த ஊரிலும் கடைக்காரர்கள் லாரியைத் தேயும்வரை ஓட்டுவார்கள். 1957 தெருவில் நாற்பதுகளின் லாரிகள் பாதியாவது இருக்கட்டும்.

வேகன் கலவையில் ஒரு நுணுக்கம். பாக்ஸ்கார்கள் நாடு முழுக்கச் சுற்றியவை, ஆகவே தொலைதூர ரயில்வேக்களின் பெயர்கள் உங்கள் குட்ஷெட்டில் நிற்பது இயல்பு. நிலக்கரி ஹாப்பர்கள் பெரும்பாலும் தம் சொந்த ரயில்வேயின் வட்டாரத்திலேயே உழன்றவை. என் பலகை பென்சில்வேனியா ரயில்ரோடு என்பதால் ஹாப்பர்கள் எல்லாம் அந்த ரயில்வேயினுடையவை, பாக்ஸ்கார்களில் பாதி வெளியூர் ரயில்வேக்களுடையவை. எது அதிகம் ஓடியதோ அதையே அதிகம் வாங்குங்கள்: பென்சில்வேனியாவின் எக்ஸ்-29 வகை 1924 முதல் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டது, புல்மன்-ஸ்டாண்டர்டின் பி.எஸ்.-1 வகை 1947 முதல் ஒரு லட்சத்துக்கும் மேல். விந்தையான வேகன் ஒன்று போதும்.

3. 1:87 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், "எச்.ஓ." என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள்

எச்.ஓ. என்றால் 1:87. உண்மையில் ஓர் அடி, மாதிரியில் 3.5 மில்லிமீட்டர். வேகன்களில் இந்தக் குழப்பம் அவ்வளவாக வராது, தண்டவாளம் காட்டிக்கொடுத்துவிடும். வண்டிகளில்தான் ஏமாறுவோம்.

உண்மையில் 20 அடி நீளமுள்ள ஒரு லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1:87இல் அது 70 மி.மீ. பிரிட்டனில் புழங்கும் 1:76இல் 80 மி.மீ. பொம்மைக் கடைகளில் தொங்கும் 1:64இல் 95 மி.மீ. படத்தில் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். பலகையில் வைத்தால் 1:64 லாரி குட்ஷெட் கதவுக்குள் நுழையாது. ஆக்ஸ்ஃபோர்டு டைகாஸ்ட் போன்ற நிறுவனங்கள் 1:76, 1:87 இரண்டிலும் வண்டிகள் செய்கின்றன. ஒரே பெயர், ஒரே மாதிரிப் பெட்டி. விகிதம் அச்சிட்ட இடத்தைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். இணையத்தில் "எச்.ஓ. லாரி" என்று தேடினால் மின்சாரப் பந்தயப் பாதையில் ஓடும் ஸ்லாட் கார்களும் வரும். அவற்றையும் எச்.ஓ. என்றே விற்கிறார்கள், உண்மையில் 1:64ஐ ஒட்டிய அளவு.

விகிதம் தெரியாத பழைய வண்டி கையில் கிடைத்தால், உங்கள் சட்டைப் பையில் எப்போதும் ஓர் எச்.ஓ. மனித உருவம் இருக்கட்டும். ஆறடி ஆள் 21 மி.மீ. உயரம். வண்டியின் கதவோரம் நிறுத்திப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். நான் இதைச் செய்யத் தொடங்கிய பிறகு அளவுத் தவறு ஒன்றுகூட நடக்கவில்லை.

ஜெர்மானிய வண்டிகளான வைகிங், ஹெர்பா, ப்ரெக்கினா, புஷ் ஆகியவை 1:87இல் நேர்த்தியானவை. ஆனால் அவற்றில் பல ஐரோப்பியத் தெருக்களுக்கானவை. அமெரிக்க 1957க்குத் தயங்காமல் எடுக்கக்கூடியது ஃபோக்ஸ்வாகன் மூடிய வேன்; அது ஐம்பதுகளிலேயே இங்கே விற்பனையானது. அமெரிக்க லாரிகளுக்கு கிளாசிக் மெட்டல் வொர்க்ஸ், ஏத்தர்ன், வால்தர்ஸ் பெயர்களில் தேடுங்கள்.

4. பழைய வேகனைக் கையில் எடுத்துப் பார்க்கும் முறை

கண்காட்சி மேசையில் வேகனை முதலில் தலைகீழாகத் திருப்புங்கள். போகியை, அதாவது சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை, பிடிக்கும் திருகுகள் இரண்டும் இருக்கின்றனவா? வேகன்களை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளரின் பெட்டிக்கு மூடி இருக்கிறதா? கப்ளர், நீண்ட கொம்பு போல் பக்கவாட்டில் வளைந்த பழைய பிளாஸ்டிக் வகை என்றால் மாற்றத்தான் வேண்டும்; விலையைக் குறைத்துக் கேளுங்கள். பிறகு நான்கு மூலைகளிலும் கால் வைக்கும் சிறு படிகள், ஒரு முனையில் கைப்பிரேக் சக்கரம். முதலில் உடைபவை இவைதாம். கடைசியாகப் பெட்டியில் உள்ள எண்ணும் வேகனில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறு வேகன் வேறு பெட்டியில் இருப்பது சர்வ சாதாரணம்.

உலோக வண்டிகளில் மெல்லிய விரிசலும் உப்பியதுபோல் வளைவும் தெரிந்தால் வைத்துவிடுங்கள். பழைய துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கலப்படம் இருந்தால் அது உள்ளிருந்தே உதிரும். எந்தப் பசையும் அதைக் காப்பாற்றாது.

5. விலைச்சீட்டில் இல்லாத செலவு

பத்து டாலர் வேகன் பத்து டாலரில் முடிவதில்லை. நான் வாங்கியபோது இருந்த விலையில் கணக்கு இது. பழைய வேகன் 10 டாலர். உலோகச் சக்கர அச்சுகள் 12 கொண்ட பொட்டலம் 16 டாலர். ஒரு வேகனுக்கு நான்கு அச்சு, ஆக ஒரு வேகனுக்கு ஐந்தேகால் டாலருக்குச் சற்று மேல். கேடீ நிறுவனத்தின் கப்ளர் பொட்டலம் 6 டாலர், இரண்டு வேகனுக்கு வரும், ஆக 3 டாலர். மொத்தம் 18 டாலருக்குச் சற்று மேல், அதோடு ஒரு மணி நேர வேலை. அதே வகைப் புதிய வேகன் நுணுக்கமான வேலைப்பாட்டோடு 40 முதல் 60 டாலர் வரை ஆனது. வண்டிகள் 12 முதல் 30 வரை.

இணைய ஏலத்தில் வாங்கினால் தபால் செலவு ஒரு வேகனுக்கு 6, 7 டாலர் தனி. ஒரே விற்பனையாளரிடம் மூன்று நான்கு சேர்த்து எடுத்து, ஒன்றாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும். நியூ ஜெர்சியில் 6.625 விழுக்காடு விற்பனை வரி சேரும். முக்கியமான ஒன்று: விற்பனையாளர் போட்டிருக்கும் விலை சந்தை விலை ஆகாது. "விற்று முடிந்தவை" என்று வடிகட்டிப் பாருங்கள். 60 டாலர் கேட்டுத் தொங்கிக்கொண்டிருந்த பழைய வேகன் ஒன்று, உண்மையில் 20க்குள்தான் விற்றுக்கொண்டிருந்தது. நான் 55 கொடுத்த பிறகே பார்த்தேன்.

6. எப்போது, எங்கே வாங்குவது

கிழக்குக் கரையில் இருப்பவர்கள் ஜனவரி இறுதியைக் குறித்து வையுங்கள். மாசசூசெட்ஸின் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆம்ஹெர்ஸ்ட் ரயில்வே சொசைட்டி நடத்தும் கண்காட்சி அப்போதுதான், சனி ஞாயிறு இரண்டு நாள். பல கட்டடங்கள் நிறைய மேசைகள். சனி காலை போனால் தேர்வு அதிகம். ஞாயிறு பிற்பகல் போனால் மூட்டை கட்ட விரும்பாத விற்பனையாளர்கள் விலையைக் குறைப்பார்கள். சில்லறை நோட்டுகளாகப் பணம் கொண்டு போங்கள். கதவுப் பட்டியலும் ஆண்டும் எழுதிய தாள் கையில் இல்லாமல் உள்ளே நுழையாதீர்கள். அங்கே மனம் தடுமாறும்.

புதிய வேகன்களில் பெரும்பகுதி முன்பதிவில் விற்கிறது. அறிவிப்பு வரும், ஆர்டருக்குக் கடைசித் தேதி இருக்கும், அதன் பிறகு தயாரிப்பு. தாமதம் சகஜம். நான் 2023 மார்ச்சில் பதிவு செய்த ஒன்று 2024 ஆகஸ்டில் வந்தது. அதற்குள் என் கடன் அட்டை காலாவதியாகியிருந்தது, கடைக்காரர் அனுப்பிய மின்னஞ்சலும் கண்ணில் படவில்லை. வேகன் வேறொருவருக்குப் போய்விட்டது. முன்பதிவு செய்த ஒவ்வொன்றுக்கும் கடை, தேதி, ஒப்புக்கொண்ட விலை, எந்த அட்டை என்று எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பதினெட்டு மாதத்தில் செய்த பத்து முன்பதிவும் ஒரே மாதத்தில் வந்து இறங்கும் ஆபத்தும் உண்டு. ஒரு நேரத்தில் மூன்றுக்கு மேல் நிலுவையில் வைக்காதீர்கள்.

ஒரே வகை வேகனில் இரண்டு வாங்கினால் வேகன் எண்கள் வேறுவேறா என்று பாருங்கள். ஒரே ரயில்வேயில் ஒரே எண்ணில் ஒரே நேரத்தில் இரண்டு வேகன் இருக்காது.

7. ஜெர்மனியிலிருந்து வரவழைப்பதானால்

முன்பு 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சல் சுங்கமின்றி வந்தது. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகை எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. பழைய பதிவுகளைப் படித்துவிட்டு ஆர்டர் போடாதீர்கள். சுங்கம் பொருள் தயாரான நாட்டை வைத்துக் கணக்கிடப்படும், அனுப்பிய நாட்டை வைத்து அல்ல. ஜெர்மன் கடையில் வாங்கினாலும் பெட்டியில் சீனா என்றிருந்தால் சீனாதான். ஆர்டருக்கு முன் விற்பனையாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: சுங்கத்தை யார் முன்கூட்டியே கட்டுகிறார்கள், விலைப்பட்டியலில் தயாரித்த நாட்டை எழுதுவார்களா, கூரியர் தனியாகக் கையாளும் கட்டணம் வாங்குமா. 20 யூரோ வண்டிக்கு அந்தக் கட்டணமே பெரிதாகிவிடும்.

8. வீட்டுக்கு வந்த அன்றே மேசையில்

ரயிலில் சேர்க்குமுன் மூன்று சோதனை. தேசிய மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் அளவுகோல் தகட்டால் சக்கரங்களின் இடைவெளி. கேடீயின் 205 எண் உயரமானியால் கப்ளர் உயரம். சமையலறைத் தராசில் எடை.

எடைக்கு அந்தச் சங்கம் சொல்லும் வாய்பாடு எளிது: எச்.ஓ. வேகனுக்கு ஓர் அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 40 அடி பாக்ஸ்கார் மாதிரியில் ஐந்தரை அங்குலம். மூன்றே முக்கால் அவுன்ஸ், அதாவது 106 கிராம். 50 அடி வேகனுக்கு 126 கிராம். குறைந்தால் உள்ளே ஒரு சென்ட் நாணயங்களை ஒட்டுங்கள். 1982க்குப் பிந்தியது ஒவ்வொன்றும் 2.5 கிராம். தரையின் நடுவில் கொத்தாக வைக்காமல் இரண்டு போகிகளுக்கும் மேலே சமமாகப் பிரித்து ஒட்ட வேண்டும். ஈயத் துண்டுகளைத் தவிருங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம்.

போகித் திருகுகளில் ஒன்றை, போகி தாராளமாக ஆடும்படி தளர்த்துங்கள். மற்றொன்றைத் திரும்ப மட்டும் இடம் விட்டு இறுக்குங்கள். என் கவிழும் வேகன்களில் பாதி இந்த ஒரு மாற்றத்தில் கவிழாமல் ஓடின.

9. காகித வேலை

இதைத் தள்ளிப்போட்டால் பின்னர் செய்யவே முடியாது. ஒரு விரிதாளில் வேகன் ஒன்றுக்கு ஒரு வரி: ரயில்வே, வேகன் எண், கட்டிய தேதி, மறு எடைத் தேதி, தயாரிப்பாளர், பொருள் எண், வாங்கிய நாள், தபாலும் வரியும் சேர்ந்த விலை, சக்கரம் மாற்றியதா, கப்ளர் மாற்றியதா, எடை, எந்தக் கதவு. வண்டிகளுக்கும் அப்படியே, மாடல் ஆண்டோடு. கடைசிப் பத்தியான "எந்தக் கதவு" காலியாக இருந்தால் அதை வாங்காதீர்கள்.

வேகனின் எழுத்துக் குறிகளையும் இங்கேயே படிக்கப் பழகுங்கள். குறியின் கடைசி எழுத்து எக்ஸ் என்றால் ரயில்வே அல்லாத தனியார் வேகன். இசட் என்றால் டிரெய்லர். யு என்றால் கன்டெய்னர். எந்த எண் வரிசை எந்த ரயில்வேயிடம், என்ன அளவில் இருந்தது என்று உறுதிசெய்ய அந்தக் காலத்து அஃபிஷியல் ரயில்வே எக்விப்மென்ட் ரெஜிஸ்டர் உதவும். பழைய பதிப்புகளைக் கண்காட்சியில் தேடிப் பாருங்கள்.

ரசீதுகளைப் படம் எடுத்து ஒரே கோப்புறையில் போடுங்கள். வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசியில் சேகரிப்புப் பொருள்களுக்கு உச்ச வரம்பு இருக்கிறதா என்று முகவரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். எங்கள் தெருவில் ஒரு மழையில் நிலவறைகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, நிலவறை வெள்ளத்துக்குத் தனிச் சேர்ப்பு வேண்டும் என்பது பலருக்கும் அன்றுதான் தெரிந்தது. பெட்டிகளைத் தரையில் அடுக்காமல் இடுப்பு உயர அலமாரியில் வையுங்கள். ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் விரிதாளின் வரி எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை அட்டைக்குள் ஊறி, பெட்டியின் விலையைக் குறைத்துவிடும்.